காலிப் பெட்டியும் இரண்டு சம்பந்திகளும்

மார்ச் 4

சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். போனில் மூன்று தடவை பேசிப் பார்த்தேன். மூன்று தடவையும் "எதுவா இருந்தாலும் எழுத்துல அனுப்புங்க, போன்ல பேசினதுக்கு ஆதாரம் கிடையாது" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். இன்சூரன்ஸ் சர்வேயர் வேலையிலிருந்து நீங்கள் ஓய்வு பெற்றுவிட்டதாகத்தான் கல்யாணத்தின்போது சொன்னார்கள். வேலை இன்னும் உங்களைவிட்டு ஓய்வு பெறவில்லை போலிருக்கிறது. சரி, எழுதியே தொலைக்கிறேன்.

என் மகள், அதாவது உங்கள் மருமகள், ஏப்ரல் ஒன்றாம் தேதி திரும்ப வேலையில் சேர வேண்டும். அன்றைக்குச் சேராவிட்டால் ஆஸ்பத்திரி லேப்பில் அவள் இடத்துக்கு வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். பொடியனுக்கோ பவுடர் பால் கொடுத்தாலே உடம்பெல்லாம் தடித்துப்போகிறது. அவள் பாலையே எடுத்து வைத்துவிட்டுப் போனால்தான் உண்டு. கையால் அழுத்துகிற சின்ன பம்பில் எடுத்துப் பார்த்து மணிக்கட்டு வீங்கியதுதான் மிச்சம். அதனால்தான் நான் ஆன்லைனில் மின்சாரத்தில் ஓடுகிற நல்ல தாய்ப்பால் பம்ப் ஒன்று ஆர்டர் செய்தேன். மத்தியானம் தாயும் பிள்ளையும் தூங்குவார்கள், காலிங் பெல் அடித்து எழுப்ப வேண்டாம் என்று உங்கள் பெயருக்கும் உங்கள் போன் நம்பருக்கும் அனுப்பச் சொன்னேன். அது என் தப்பு.

பெட்டி வந்தது. நீங்கள் வாங்கினீர்கள், பிரித்தீர்கள், அவள் அறை வாசலில் வைத்தீர்கள். அவள் திறந்து பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்தாள். "அம்மா, உள்ள ஒண்ணுமே இல்லம்மா. காத்து அடைச்ச பிளாஸ்டிக்தான் இருக்கு" என்றாள்.

அன்றிலிருந்து கம்பெனிக்காரர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆன்லைன் சாட்டில் ஒருவன் வருவான், வருத்தம் தெரிவிப்பான், போய்விடுவான். அடுத்தவன் வந்து முதலிலிருந்து கேட்பான். ஒவ்வொருவனுக்கும் ராமாயணம் படித்துப் படித்து விரல் தேய்ந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு புண்ணியவதி சொன்னாள்: யார் பெயருக்குப் பெட்டி வந்ததோ அவர் "பிரித்தபோது உள்ளே பொருள் இல்லை" என்று கையெழுத்துப் போட்டு ஒரு வாக்குமூலம் கொடுக்க வேண்டுமாம். அவர்கள் அனுப்பிய வாசகத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். ஐந்து வரி. கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள், வேறு ஒன்றும் வேண்டாம்.

மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார், ஜூனில்தான் இறங்குவார். மகளிடம் கேட்டால், "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிங்க, என்னை நடுவுல இழுக்காதீங்க" என்கிறாள். அவளுக்குத் தூக்கம் போதவில்லை. எனக்குப் பொறுமை போதவில்லை.

இப்படிக்கு,
சம்பந்தி

*

மார்ச் 8

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். மார்ச் 4ஆம் தேதியிட்ட தங்கள் கடிதம் கிடைத்தது. இங்கே அனைவரும் நலம்.

கம்பெனியார் தயாரித்த வாசகத்தில் நான் கையெழுத்திடுவது முறையாகாது. என் வேலைக்காலம் முழுவதும் பிறர் எழுதிக்கொடுத்த எதிலும் கையெழுத்திட்டதில்லை. தீப்பிடித்த ஆலைகளின் முதலாளிகள் பலர் ரிப்போர்ட்டைத் தாங்களே டைப் செய்து, பேனாவையும் திறந்து என் கையில் கொடுத்ததுண்டு. மூடிக் கொடுத்துவிடுவேன்.

ஆகவே நானே ஒரு வாக்குமூலம் எழுதி இத்துடன் இணைத்துள்ளேன். நகல் ஒன்று என்னிடம் உள்ளது. அது வருமாறு:

"மேற்படி தேதியில் என் பெயருக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. வெளிப்புறம் சேதம் காணப்படவில்லை. வெளி டேப் என்னால் அறுக்கப்பட்டது. அதன்பின் பெட்டி என் மருமகளிடம் சேர்ப்பிக்கப்பட்டது. பெட்டியில் இருந்திருக்க வேண்டியதாகக் கூறப்படும் சாதனம் குறித்து எனக்கு நேரடியாகத் தெரிந்தது எதுவும் இல்லை."

இது போதுமானது என நம்புகிறேன்.

பேரன் நேற்று குப்புற விழுந்தான். பிறகு திரும்பத் தெரியாமல் அழுதான்.

தங்கள்,
சம்பந்தி

*

மார்ச் 13

சம்பந்தி அவர்களுக்கு,

கம்பெனிக்காரன் உங்கள் வாக்குமூலத்தைப் படித்துவிட்டு என் கேஸை மூடிவிட்டான். அவன் எழுதியதை அப்படியே தருகிறேன்: "பெட்டி சேதமின்றி வந்ததைப் பெறுநரே உறுதி செய்துள்ளார். பொருள் குறித்துத் தமக்குத் தெரியாது எனவும் கூறியுள்ளார். ஆகவே தங்கள் புகாரை ஏற்க இயலவில்லை. எங்களுடன் ஷாப்பிங் செய்ததற்கு நன்றி."

நன்றியாம்! போனைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல வந்தது. புதுப் போனும் ஆன்லைனில்தான் வாங்க வேண்டும் என்று நினைத்து அடக்கிக்கொண்டேன்.

நான் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். சிவப்பு விளக்கில் நிற்கச் சொன்னால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிற ஆட்களோடு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவள். அவர்கள் யாரும் உங்களைப் போல என்னை இவ்வளவு தூரம் சோதித்ததில்லை. நமக்குச் சாதகமாக ஒரு வாக்குமூலம் கேட்டால் எதிர்க்கட்சி வக்கீல் மாதிரி எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே! "இருந்திருக்க வேண்டியதாகக் கூறப்படும்" என்றால் என்ன அர்த்தம்? நான் வெறும் பெட்டியை ஆர்டர் செய்துவிட்டு நாடகம் போடுகிறேன் என்றா?

அப்புறம், அது என்ன "சாதனம்"? மிக்சியும் சாதனம்தான், தண்ணீர் மோட்டாரும் சாதனம்தான். பொருளின் பெயரை எழுதாத வாக்குமூலம் செல்லாது என்று வேறு சொல்கிறான். தாய்ப்பால் பம்ப் என்று எழுதுங்கள். வாய்விட்டுச் சொல்லக்கூட வேண்டாம், எழுதினால் போதும்.

அழுது புரண்டு, கெஞ்சிக் கூத்தாடி கேஸைத் திரும்பத் திறக்க வைத்திருக்கிறேன். மார்ச் முடிவதற்குள் வேறு வாக்குமூலம் கொடுத்தாக வேண்டும். மூன்றே விஷயம் வேண்டும். பொருளின் பெயர். நீங்கள் பிரித்தது. பிரித்தபோது உள்ளே இல்லாதது. "மேற்படி" எல்லாம் வேண்டாம்.

இன்னொன்று வாங்கிவிடலாமே என்று நீங்கள் நினைக்கலாம். வாங்கலாம். இருக்கிற இரண்டு வண்டியில் ஒன்று கிளட்ச் போய் நிற்கிறது, சொல்லிக்கொடுக்கிற ஆளும் ஒருவர் நின்றுவிட்டார். இந்த மாதம் என்னால் முடியாது.

பேரன் குப்புற விழுந்ததை எனக்கு நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள். அதற்கு மட்டும் சந்தோஷம்.

சம்பந்தி

*

மார்ச் 16

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தின் தொனி எனக்கு வருத்தம் அளித்தது. ஆயினும் குழந்தையின் நலன் கருதி வாக்குமூலத்தைத் திருத்தி எழுதியுள்ளேன். "சாதனம்" என்பதை எடுத்துவிட்டு "மகளிர் உபயோகத்துக்கான சிறு மின்கருவி" என்று குறிப்பிட்டிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக எழுத வேண்டிய அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை. நான் ஒரு மாமனார். இந்தக் காகிதம் எத்தனை பேர் கைக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்? நாளைக்கு மருமகளுக்குச் சங்கடம்.

"பிரித்தபோது உள்ளே பொருள் இல்லை" என்ற வரியை மட்டும் என்னால் எழுத முடியவில்லை. பதிலாக, "பெட்டி திறக்கப்பட்ட பின்னர் பொருள் இல்லை என மருமகள் தெரிவித்தார்" என எழுதியுள்ளேன். இது முழு உண்மை.

தாங்கள் கோபப்படுவீர்கள் என்பது தெரியும். ஒருமுறை பஞ்சுக் கிடங்கு ஒன்று எரிந்தபோது, முதலாளி என் காலில் விழாத குறையாகக் கேட்டார், மழையால் நனைந்த மூட்டைகளையும் தீயில் போனதாக எழுதும்படி. மனிதர் நல்லவர், குடும்பமும் பெரிது. நான் எழுதவில்லை. அவருக்குக் கிடைத்தது பாதிதான். அன்றைக்கு அவருக்கு எழுதாததை இன்றைக்குச் சொந்தக்காரருக்கு எழுதினால் நான் என்ன ஆள்?

மருமகள் இரவில் இரண்டு முறை எழுந்திருக்கிறாள். பகலில் தூங்கும்படி சொல்கிறேன். "தூங்கினா துணி யார் மாமா மடிப்பாங்க?" என்கிறாள். இப்போது நான் மடிக்கிறேன். சரியாக வரவில்லை.

தங்கள்,
சம்பந்தி

*

மார்ச் 20

ஐயா,

"தாங்கள் குறிப்பிடும் ஹேர் டிரையருக்கான ஆர்டர் எதுவும் எங்கள் பதிவில் இல்லை."

இதுதான் பதில். ஹேர் டிரையர்! மகளிர் உபயோகத்துக்கான சிறு மின்கருவி என்று நீங்கள் மூடி மறைத்து எழுதியதைப் படித்து அவர்களாகவே கண்டுபிடித்திருக்கிறார்கள். படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்த கையோடு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் ஸ்டியரிங் பிடித்துக்கொண்டிருந்த பெண் பயந்துபோய் வண்டியை நடுரோட்டில் நிறுத்திவிட்டாள்.

இனி மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். என்னைச் சுற்றி வளைத்துப் பேசச் சொன்னால் வராது.

உங்களுக்கு என் மகள் வேலைக்குப் போவது பிடிக்கவில்லை. நேரடியாகச் சொன்னால் கெட்ட பெயர் வரும் என்று கௌரவமாக, சட்டமாக, உண்மை பேசியே கெடுக்கிறீர்கள். பெட்டி உங்கள் கையில் வந்தது. பிரித்தவர் நீங்கள். உள்ளே இருந்ததா இல்லையா என்று சொல்ல இரண்டு வார்த்தை போதும். அதைச் சொல்லாமல் வழவழா கொழகொழா என்று எழுதுகிறீர்கள். ஏப்ரல் ஒன்று தானாக வரும், தானாகப் போகும். அதற்கப்புறம் யாரும் யாரையும் தடுக்க வேண்டியதில்லை, அவளே வீட்டில் இருந்துவிடுவாள். கணக்கு இதுதானே?

எனக்கு இது தெரியும், ஏனென்றால் எனக்கு இது நடந்திருக்கிறது. இவள் பிறந்தபோது நான் ஒரு பெரிய அலுவலகத்தில் வண்டிகள் பிரிவில் வேலை பார்த்தேன். யாரும் என்னை நிற்கச் சொல்லவில்லை. "குழந்தை கொஞ்சம் பெருசாகட்டுமே" என்று மட்டும் சொன்னார்கள். எல்லோரும் ரொம்ப அன்பாகச் சொன்னார்கள். குழந்தை பெரிதாவதற்குள் என் நாற்காலியில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தார். எத்தனையோ வருஷம் கழித்து, நாற்பத்தொரு வயதில் ஒரு பழைய காரை வாங்கி இந்த ஸ்கூலை ஆரம்பித்தேன். நடுவில் போன வருஷங்களை எனக்கு யார் திருப்பிக் கொடுப்பார்கள்? என் மகளுக்கு அது நடக்க நான் விடமாட்டேன்.

உங்கள் கையெழுத்து இனி எனக்கு வேண்டாம். வண்டியை விற்றாவது இன்னொரு பம்ப் வாங்கி நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். வரும்போது உங்கள் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன்.

*

மார்ச் 23

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு நாளாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன் என்று எழுத ஆசை. அது வந்ததே நேற்றுத்தான். ஆனால் நான்கு நாள் கனம் இருக்கிறது.

தயவுசெய்து வண்டியை விற்காதீர்கள். இதை முழுவதும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். மருமகளிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

நான் பெட்டிக்குள் பார்க்கவில்லை.

அன்றைக்குப் பெட்டி வந்ததும் என் வழக்கப்படி கூடத்து மேஜையில் வைத்து ஆறு பக்கமும் போனில் படம் எடுத்தேன். எந்தப் பார்சல் வந்தாலும் அப்படித்தான் செய்வேன், கை தானாகப் போகும். டேப்பை அறுத்தேன். உள்ளே இன்னொரு பெட்டி. அதையும் ஒரு படம் எடுத்தேன். எடுத்த பிறகுதான் அதன் மேலே என்ன போட்டிருக்கிறது என்று கவனித்தேன். ஒரு பெண், சட்டை ஒரு பக்கம் விலகி, அந்தக் கருவியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். உங்கள் மகள் உள்ளே தூங்குகிறாள். நான் இங்கே கத்தியும் கையுமாக இதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். உடம்பு கூசிப்போய்விட்டது. அவசரமாக வெளிப்பெட்டியை மூடி அவள் அறை வாசலில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். அங்கே போய் அந்தப் படத்தையும் அழித்தேன். இந்த வயதில் ஒருவன் போனில் அப்படி ஒரு படம் இருந்து யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்?

அதனால்தான் "பிரித்தபோது இல்லை" என்று எழுத முடியவில்லை. இருந்ததா இல்லையா என்று எனக்கு உண்மையிலேயே தெரியாது. பார்க்கவில்லை என்று சொன்னால் ஏன் பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். அதற்குப் பதில் சொல்ல வெட்கப்பட்டு மென்று முழுங்கினேன். எத்தனையோ பேருடைய கிளெய்மை, ஒரு சின்ன விவரத்தை மறைத்தார்கள் என்பதற்காக நிராகரித்தவன் நான்.

மருந்துக்கடைக்கும் இரண்டு தடவை போனேன், இன்னொன்று வாங்கிவிடலாம் என்று. கல்லாவில் ஆட்கள் நின்றார்கள். முதல் தடவை இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டாவது தடவையும் இருமல் மருந்துதான். இந்த வீட்டில் யாருக்கும் இருமல் இல்லை.

இனி நீங்கள் சொன்ன குற்றச்சாட்டு. அவள் வேலைக்குப் போவது எனக்குப் பிடிக்காமல் இல்லை. பயமாக இருக்கிறது. அவள் போனால் காலையிலிருந்து மாலைவரை பொடியனும் நானும்தான். என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது நான் எந்த ஊரிலோ எரிந்துபோன எதையோ அளந்துகொண்டிருந்தேன். அவன் அம்மாதான் எல்லாம். இன்றைக்கு அவளும் இல்லை. ஒரு குழந்தைக்குப் பால் கொடுத்துப் பழக்கமில்லாத கை இது. கீழே போட்டுவிட்டால்? புரையேறிவிட்டால்? அவனுடைய அழுகை எதற்கென்று புரியாவிட்டால்? இந்தப் பயத்தை மருமகளிடம் சொன்னால் அவள் நிச்சயம் வேலைக்குப் போகமாட்டாள். அதனால் சொல்லவில்லை.

பெட்டி வந்த நாளிலிருந்து மனதின் ஒரு மூலையில், இது இப்படியே இழுத்துக்கொண்டு போனால் அந்த முதல் தேதி தள்ளிப்போகாதா என்று ஓர் எண்ணம் இருந்ததா என்றால், இருந்தது. அந்த அளவுக்கு உங்கள் குற்றச்சாட்டு சரி.

சம்பந்தி

*

மார்ச் 25

சம்பந்தி,

இதைக் கூரியரில் போட எனக்கு அரை மணி நேரம்தான் இருக்கிறது. ரோட்டுத் தேர்வுக்கு ஆட்கள் காத்திருக்கிறார்கள்.

உங்களைத் திட்டுவதா, தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் அப்புறம் சாவகாசமாகச் செய்கிறேன். முதலில் ஒன்றைக் கேளுங்கள்.

போனில் அழித்த படம் உடனே போய்விடாது! குப்பைத்தொட்டி மாதிரி ஓர் இடத்தில் ஒரு மாதம் வரைக்கும் கிடக்கும். இந்த மாதம் முடிவதற்குள் அது தானாகப் போய்விடும், அப்புறம் ஆண்டவனே வந்தாலும் எடுக்க முடியாது. உள்பெட்டியை நீங்கள் தொடுவதற்கு முன்னால் எடுத்த ஒரே படம் அது. கம்பெனிக்காரன் வாயை அடைக்க வேறு எதுவும் வேண்டாம்.

எங்கே இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. எழுதினால் புரியாது. போனை மருமகளிடம் கொடுங்கள், அவள் எடுத்துத் தருவாள். நான் அவளிடம் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். நீங்களே கேட்க வேண்டும்.

அவள் ரத்தமும் சளியும் பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவள். கூசமாட்டாள்.

*

மார்ச் 28

சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று மத்தியானம் முழுவதும் போனைக் கையில் வைத்துக்கொண்டு கூடத்துக்கும் சமையலறைக்கும் நடந்தேன். கடைசியில் அவளே கேட்டாள். "என்ன மாமா, போன்ல ஏதாவது பிரச்சினையா?"

"ஒரு படத்தை அழிச்சுட்டேம்மா. திரும்ப வேணும்" என்றேன்.

"என்ன படம்?"

"பெட்டிப் படம்."

இடுப்பில் பிள்ளையோடு ஒரு கையால் என்னென்னவோ அழுத்தினாள். அந்தப் பெண் திரும்ப வந்துவிட்டாள், அதே சிரிப்போடு. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பினால் மருமகள் சிரிப்பை அடக்கமுடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். "இதுக்காகவா மாமா இவ்வளவு நாள்? எங்க அம்மாவை ஒரு மாசமா அலையவிட்டீங்களே!" என்றாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, படத்தை விரல்களால் பெரிதாக்கி என்னிடம் காட்டினாள்.

உள்பெட்டியின் மூடியில் கம்பெனி ஒட்டிய வட்ட முத்திரை இரண்டாக அறுந்திருந்தது. அதை அறுத்தது நான்தான் என்று அவள் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தாளாம். என் கத்தி படத்திலேயே ஓரமாக, வெளிப்பெட்டியின் பக்கத்தில் கிடக்கிறது. என் கைக்கு வருவதற்கு முன்பே யாரோ உள்பெட்டியைத் திறந்து, பொருளை எடுத்துவிட்டு, வெளிப்பெட்டிக்குப் புது டேப் ஒட்டியிருக்கிறார்கள். இதை அன்றைக்கே நான் பார்த்திருக்க வேண்டும். கிடங்கு கிடங்காகப் பார்த்த கண், ஒரு பெண்ணின் தோளைப் பார்த்ததும் முத்திரையைத் தவறவிட்டுவிட்டது.

புது வாக்குமூலம் இத்துடன் இருக்கிறது. யாரும் எழுதிக் கொடுத்ததல்ல, நானே எழுதியது:

"என் பெயருக்கு வந்த பெட்டியில் இருந்திருக்க வேண்டியது, என் மருமகள் வேலைக்குப் போகும் நேரத்தில் என் பேரனுக்குக் கொடுப்பதற்காகத் தாய்ப்பால் எடுக்கும் மின்சார பம்ப். வெளிப்பெட்டியை நான் பிரித்தேன். உள்பெட்டியின் முத்திரை அப்போதே அறுபட்டிருந்தது, படம் இணைக்கப்பட்டுள்ளது. கூச்சத்தால் நான் உள்பெட்டியைத் திறக்கவில்லை. என் மருமகள் அதைத் திறந்தபோது அதில் காற்று அடைத்த பிளாஸ்டிக் மட்டுமே இருந்தது. அவள் சொல்வதை நான் நம்புகிறேன். பெட்டியை அனுப்பச் சொன்ன என் சம்பந்தியையும் நம்புகிறேன்."

கடைசி இரண்டு வரி ரிப்போர்ட்டில் வரக்கூடாதுதான். வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர்கள் எப்போது ஏற்று, எப்போது அனுப்புவார்களோ தெரியாது. முதல் தேதி காத்திருக்காது. நேற்று மாலை மருந்துக்கடைக்குப் போனேன். நல்ல கூட்டம். கல்லாவில் இருந்த பெண்ணிடம், "தாய்ப்பால் பம்ப் இருக்கா?" என்றேன். தேவைக்கு மேல் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, எல்லோரும் திரும்பினார்கள். அவள் அதைவிடச் சத்தமாக, "சிங்கிளா சார், டபுளா?" என்றாள்.

எனக்கு எப்படித் தெரியும்? கடைக்கு நடுவில் நின்று மருமகளுக்குப் போன் செய்து கேட்டேன். டபுள்.

சம்பந்தி

*

ஏப்ரல் 1

சம்பந்திக்கு,

கம்பெனிக்காரன் காலில் விழாத குறையாக எழுதியிருக்கிறான். படத்தையும் உங்கள் வாக்குமூலத்தையும் பார்த்த பிறகு ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வழியில் எந்தக் கிடங்கில் எடுத்தார்கள் என்று விசாரிக்கிறார்களாம், பணத்தை முழுவதும் திருப்புகிறார்களாம். "இத்தகைய தெளிவான விவரத்தை முதலிலேயே தந்திருந்தால்" என்று ஆரம்பித்தான். சாட் விண்டோவை மூடிவிட்டேன். அதற்குமேல் கேட்க எனக்குச் சக்தி இல்லை.

பணம் வந்ததும் உங்களுக்கு அனுப்பிவிடுவேன். வேண்டாம் என்று மூன்று பக்கம் எழுதாதீர்கள்.

மார்ச் இருபதாம் தேதி நான் எழுதியதில், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டேன் என்றது ரொம்ப அதிகம். மற்றதையும் நான் அப்படி எழுதியிருக்கக்கூடாது. உங்களைத் தெரியாமல், எனக்கு நடந்ததை உங்கள் தலையில் கட்டிவிட்டேன். மன்னித்துவிடுங்கள். இதை எழுதுவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது, இரண்டாம் தடவை எழுதச் சொல்லாதீர்கள்.

இன்றைக்கு அவள் வேலையில் சேர்ந்திருப்பாள். மத்தியானத்திலிருந்து போன் செய்கிறேன், எடுக்கவில்லை. லேப்புக்குள் போனைக் கொண்டுபோகக்கூடாதாம். உங்களுக்குப் போன் செய்யலாமா என்று நினைத்தேன். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தால் எழுந்துவிடுவானே என்று விட்டுவிட்டேன். இங்கே உட்கார்ந்துகொண்டு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலையில் கற்றுக்கொள்ள வந்தவரைத் தேவையில்லாமல் இரண்டு தடவை பிரேக் போட வைத்துவிட்டேன்.

பால் குடித்தானா? ஒரு வரி எழுதுங்கள். ரிப்போர்ட் வேண்டாம்.

சம்பந்தி

*

ஏப்ரல் 3

சம்பந்தியம்மாவுக்கு,

குடித்தான்.

நீங்கள் கேட்ட வரி அது. மீதியை நேரம் கிடைக்கும்போது படியுங்கள்.

முதல் தேதி காலையில் அவள் கிளம்பும்போது பொடியன் தூங்கிக்கொண்டிருந்தான். பிரிட்ஜில் மூன்று பாட்டில் பால். எப்படிச் சூடாக்க வேண்டும், எப்படிப் பிடிக்க வேண்டும், குடித்த பிறகு எப்படித் தட்ட வேண்டும் என்று நான்கைந்து நாளாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவள் வீட்டில் இருக்கும்போது என் கையால் நன்றாகக் குடித்தான். அதனால் எனக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்திருந்தது.

அவள் இல்லை என்று தெரிந்ததும் ஆரம்பித்தான். பாட்டிலைக் கண்டாலே வாயை இறுக்கிக்கொண்டான். முகத்தைத் திருப்பினான். தட்டிவிட்டான். எடுத்து வைத்த பாலில் ஒரு பாட்டில் என் சட்டைக்குத்தான் போனது. அவள் எவ்வளவு நேரம் உட்கார்ந்து எடுத்த பால் என்று எனக்குத் தெரியும். அப்புறம் அவன் அழுத அழுகை, இந்தத் தெருவில் கேட்காத வீடு இருக்காது. அறை அறையாகத் தூக்கிக்கொண்டு நடந்தேன். சுவிட்சைப் போட்டுக் காட்டினேன், குழாயைத் திறந்து காட்டினேன். முகம் சிவந்து, மூச்சு முட்டி, குரல் கம்மிப்போய்விட்டது அவனுக்கு. ஒரு கட்டத்தில் லேப்புக்குப் போன் செய்து அவளைக் கூப்பிட்டுவிடலாம் என்று நம்பரைக்கூட எடுத்துவிட்டேன். கூப்பிட்டால் ஓடி வந்துவிடுவாள். அதற்குப் பிறகு போகமாட்டாள். போனைக் கீழே வைத்தேன்.

அப்போதுதான் தோன்றியது, பிள்ளை பாலைத் தேடவில்லை, அவளைத் தேடுகிறான் என்று. குளியலறைக் கூடையில் அவள் முந்தின நாள் கழற்றிப் போட்ட நைட்டி கிடந்தது. சம்பந்தியம்மா, நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்கு இப்போது தெரியும். அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். அவன் முகத்தை அதில் புதைத்தான். விசும்பினான். பாட்டிலை மெதுவாக ஓரத்தில் வைத்தேன். பிடித்துக்கொண்டான்.

பாதி குடித்திருக்கும்போது காலிங் பெல். பக்கத்து வீட்டுக்குப் பார்சல், ஆள் இல்லையாம், நீங்கள் வாங்கிக்கொள்வீர்களா என்று ஒரு பையன். மருமகள் நைட்டியைத் தோளில் போட்டு, ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் பாட்டிலோடு கதவைத் திறந்தவனை அவன் இதற்குமுன் பார்த்திருக்கமாட்டான். "கீழ வச்சுட்டுப் போப்பா" என்றேன். ஒன்றும் கேட்காமல் வைத்துவிட்டுப் போனான். நான் அதைப் படம் எடுக்கவில்லை. கை காலியில்லை.

மாலையில் அவள் வந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்று, "குடிச்சானா மாமா?" என்றாள். காலிப் பாட்டில்களைக் காட்டினேன். "அழுதானா?" என்றாள். "அழுதான்" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். "நீங்க?" என்றாள்.

சமையலறைக்குப் போய்விட்டேன். அவள் பின்னாலேயே வந்து, பிள்ளையை வாங்கிக்கொண்டு, தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "நாளைக்கு நான் போகட்டுமா மாமா? வேண்டாம்னா சொல்லிடுங்க, கோவிச்சுக்கமாட்டேன்."

இந்த ஒரு கேள்வியை அவள் இவ்வளவு நாளும் மனதில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தெரியவே இல்லை.

"என்கிட்ட ஏம்மா கேக்கற?" என்றேன். "உன் வேலை அது. இன்னும் ஒரு பாட்டில் சேர்த்து எடுத்து வச்சுட்டுப் போ. நாங்க ரெண்டு பேரும் கொஞ்சம் சிந்துவோம்."

தங்கள்,
சம்பந்தி